நாய்க்கு வைத்த ஈரல்

எங்கள் வீட்டு நாய் தின்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் கோழி ஈரல், பச்சையாக. அதன்மேல் ஓடு கீறிய முட்டைகளை உடைத்து ஊற்ற வேண்டும், அதுவும் பச்சையாக. சாயங்காலம், பண்ணையில் கழித்த கோழியின் கழுத்தும் நெஞ்செலும்பும். சோறு கூடாது, களி கூடாது, மோர் கூடாது. வைக்க வேண்டியதைவிட வைக்கக் கூடாததில்தான் அண்ணன் கண்டிப்பாக இருந்தார்.

அதே வீட்டில் அண்ணன் மனைவி தின்றவை: ராகிக் களி, கம்பஞ்சோறு, கீரைக் கடைசல், பருப்பு, மோர். முட்டை கூடாது, கறி கூடாது, கருவாடு கூடாது. இதில் கண்டிப்பாக இருந்தது அம்மா. கூடை கூடையாக முட்டை இறங்கும் பண்ணைக்கு நடுவே, வயிற்றில் குழந்தையோடு இருந்தவள் ஒரு முட்டையைத் தன் வாயில் உடைத்து ஊற்றிக்கொள்ள முடியாது. நாயின் தட்டில் ஊற்றலாம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வெண்ணந்தூருக்கு மேற்கே எங்கள் காடு, அதாவது விவசாய நிலம். கிணற்றுத் தண்ணீர் பாசனத்துக்குப் போதாமல் போன பிறகு அண்ணன் அங்கே கோழிக் கொட்டகை போட்டிருந்தார். நான் சேலத்தில் ரத்தப் பரிசோதனைப் படிப்பு முடித்து, ராசிபுரத்தில் ஒரு பெண் மருத்துவரின் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆகவில்லை. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நாய் ராஜபாளையத்து ஜாதி. வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, ஒட்டிய வயிறு. அதற்குப் பச்சை ஈரல் வைக்கச் சொன்னவர் அண்ணனோடு படித்த ஒருவர். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருந்தார். வடநாடு வரைக்கும் லாரி ஓட்டிப் போய் வருபவர் என்பதால் எதைச் சொன்னாலும் அண்ணன் நம்புவார்.

"பெங்களூர்ல இருந்து நாய் பிஸ்கட்டு டப்பா டப்பாவா வாங்கியாந்து போட்டனப்பா" என்றார் அவர், எங்கள் வாசலில் கட்டிலில் சாய்ந்துகொண்டு. "பிஸ்கட்டுத் தின்ன நாயி தாலுக்காபீஸ் குமாஸ்தாவாட்ட ஆயிப்போச்சு. திருடன் வந்தா, நாளைக்கு வான்னு சொல்லுது."

"அப்பறம்?"

"அப்பறமென்ன, பச்சக் கறிதான். இப்பப் போஸ்ட்மேன் எங்கூட்டுக் கடுதாசியப் பக்கத்தூட்ல குடுத்துட்டுப் போறான்."

மறுநாளே நாய்க்குக் களி போடுவது நின்றது. பண்ணையில் முட்டை வைக்காத கோழிகளில் தினமும் சிலவற்றைப் பிடித்து அறுத்துக் கழிப்பார்கள். அவற்றின் ஈரலையெல்லாம் ஒரு வட்டிலில் கொண்டுவந்து நங்கையிடம் கொடுப்பார்கள். ஈரலோடு ஒட்டியிருக்கும் பித்தப்பையை உடையாமல் கிள்ளி எடுப்பது அவள் வேலை. உடைந்தால் எல்லாம் கசந்துவிடும், நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அண்ணன் சத்தம் போடுவார். காலையில் அண்ணன் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய் நாயின் மலத்தைக் கிளறிப் பார்ப்பார். பச்சை இறைச்சி தின்ற நாயின் மலம் வெளுத்து, உதிரியாக, நாற்றமில்லாமல் இருக்கும். "இதைய ஆபீஸ் மேசமேல வெச்சாக்கூட ஒருத்தனுக்கும் தெரியாது" என்று பெருமைப்படுவார்.

நங்கைக்கு அதற்குமுன் இரண்டு கரு கலைந்திருந்தன. இரண்டாவது கலைந்ததும் அம்மா அவளைத் திருச்செங்கோட்டு மலைக்குக் கூட்டிப்போய், படியேற வைத்து, சாமி முன்னால் நேர்ந்துகொண்டாள்: ஒரு பிள்ளை பிறந்து அதன் முதல் முடியை இந்த மலையில் இறக்கும்வரை மருமகள் கவுச்சி தொட மாட்டாள். நேர்ந்தது அம்மா, விட்டது நங்கை. அம்மா ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பை விடவில்லை. ஏனென்று நான் ஒருமுறை கேட்டேன்.

"பெக்கப்போறது நானா? சாமி அவகிட்டத்தான் கேக்குது" என்றாள்.

மூன்றாவது கரு மூன்று மாதத்தைத் தாண்டியது. நேர்ந்தது பலித்துவிட்டதாக அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். நங்கையின் உதடும் நகமும் வெளுத்திருந்ததை நான்தான் பார்த்தேன். மாடிப்படி இல்லாத வீட்டில், தண்ணீர்க் குடத்தோடு வாசற்படி ஏறும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கருவியைக் கொண்டுவந்து அவள் விரல் நுனியில் குத்தினேன். அது எளிய சோதனை. ஒரு துளியை மெல்லிய குழாயில் உறிஞ்சி அமிலத்தில் விட வேண்டும். பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் தாங்குகிறதோ அவ்வளவு ரத்தம். அவளுடைய ரத்தம் தாங்கவேயில்லை. பதினொன்றாவது இருக்க வேண்டும், ஏழுக்குக் கீழே நின்றது.

நான் வேலை பார்த்த இடத்து மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் இந்த உடம்பு தாங்காது. உங்க அண்ணன்கிட்ட தெளிவாச் சொல்லு. ஈரல், முட்டை, மாத்திரை மூணும் வேணும்" என்றார்.

தெளிவாகச் சொன்னேன். அண்ணன் நாயின் கழுத்துப் பட்டைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "அம்மா நேர்ந்தது அம்முணி. பொம்பளைங்க சமாச்சாரத்துல நான் என்னத்தப் பேசறது?" என்றார்.

இரும்பு மாத்திரையை அம்மா உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். "கருப்பா இருக்குது. இதையத் தின்னாப் புள்ளயும் கருப்பாப் பொறக்கும்" என்று எருக்குழியில் கொட்டினாள். மறுமுறை நான் மறைத்துக் கொடுத்தேன். நங்கையின் வயிறு அதை நிறுத்திக்கொள்ளவில்லை. எடுத்த வாந்தி கறுப்பாக இருந்து காட்டிக்கொடுத்துவிட்டது. "என்னையக் கொல்லப் பாக்கறீங்க ரண்டு பேரும், சாமி குத்தத்துல" என்றாள் அம்மா. கொல்லப்படுவது யார் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

அடுத்த மாதம் மறுபடி விரலில் குத்தினேன். எட்டைத் தாண்டியிருந்தது. அமிலம் பழையதோ என்று புதிதாக ஊற்றி இன்னொரு விரலில் எடுத்தேன். அப்போதும் அதேதான். கீரையால் ஒரு மாதத்தில் இவ்வளவு ஏறாது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் எழுந்து தண்ணியடுப்புப் பக்கம் போனாள். குளிக்க வெந்நீர் காயும் அந்த அடுப்பு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. நானும் பின்னால் போனேன்.

"பித்தம் எடுக்கறப்ப ஒன்னு ரண்டு எடுத்து வெச்சுக்கறனுங் அம்முணி" என்றாள், தணலைக் கிளறிக்கொண்டே. "இதுல போட்டா வெந்துருது."

"அண்ணன் பாத்தா என்ன பண்ணுவீங்க?"

"அவிய நாயத்தான பாப்பாங்க."

"எவ்வளவு எடுக்கறீங்க?"

"மொதல்ல ஒன்னு எடுத்தனுங்க. இப்பப் பாதி. முட்டையும்."

"நாய்க்கு?"

"அதுக்கு வவுத்துல புள்ள இல்லீங்களே."

களியாவது ஓர் உருண்டை போடலாமே என்றேன். அவள் என்னைப் படித்த முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "களி போட்டாப் பீ கருப்பாப் போவும். காத்தால குச்சிய எடுத்துட்டு உங்கண்ணன் வந்துருவாங்க" என்றாள். நான் வேறொன்றும் கேட்கவில்லை. ஈரலைக் கருக விட வேண்டாம், உள்ளே சிவப்பு மாறினால் போதும் என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஜாதி நாய்க்கு ஒரு கெட்ட குணம். நன்றாகத் தின்றாலும் விலா எலும்பு தெரியும். அதனால் பட்டினி கிடப்பது சீக்கிரம் வெளியே தெரியவில்லை. பகலெல்லாம் சங்கிலியில் கிடந்தது. நங்கை வட்டிலோடு வரும்போது எழுந்து நிற்கும், தட்டைப் பார்க்கும், அவள் கையைப் பார்க்கும், பிறகு தின்னும். தின்று முடித்த தட்டை அது வாசல் முழுக்கத் தள்ளிக்கொண்டு போய் நக்கும். அந்தத் தகரச் சத்தம் அந்த மாதங்களில் எங்கள் வீட்டின் காலைச் சத்தமாக இருந்தது. "பாரு, எப்படி ருசிக்குது பாரு" என்பார் அண்ணன்.

இடுப்பெலும்பு முட்டிக்கொண்டு தெரிந்ததும் அவருக்குப் பயம் வந்தது. முட்டை ஏற்றும் வேனில் சாக்கு விரித்து, நாயைப் படுக்கவைத்து, ராசிபுரம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். நான் வேலை பார்த்த இடத்துக்கு அடுத்த தெருதான். ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கால்நடை மருத்துவர் நாயின் உதட்டை மேலே தூக்கி ஈறைக் காட்டினார். வெளுத்திருந்தது.

"ரத்தமே இல்லீங்களே. என்ன போடறீங்க?"

"பச்ச ஈரலுங்க. முட்டைங்க. ஒன்னும் கொறை வெக்கறதில்லீங்க."

"ஆரு சொன்னதுங்க பச்சையாப் போடச் சொல்லி? வவுத்துல பூச்சி வெச்சிருக்கும். பூச்சி மருந்து தர்றேன். இனி எதானாலும் வேக வெச்சுப் போடுங்க, சோத்துல பெசஞ்சு."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்முணி, நாய்க்கு ரத்தம் ஏத்த முடியுமா? நீதான் அந்தப் படிப்புப் படிச்சவளாச்சே" என்றார். தெரியவில்லை என்றேன். நாய்க்கென்று அவர் வாங்கியிருந்த டானிக் பாட்டிலைத் திருப்பி, ஒட்டியிருந்ததைப் படித்தேன். எருக்குழிக்குப் போன மாத்திரையில் இருந்த அதே இரும்புதான். அம்மா அதை நாய்க்கு ஊற்றக் கூடாது என்று சொல்லவில்லை. நாய்க்குக் கறுப்புக் குட்டி பிறக்கும் பயம் இல்லை.

அன்றிலிருந்து ஈரல் அடுப்படிக்குள் வந்தது. அண்ணன் மருத்துவர் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டார். வேக வைக்கலாம், ஆனால் சோறு கலக்கக் கூடாது. "சோறு போட்டாக் கோயில் வாசல்ல படுத்துக்கெடக்கற நாயாட்ட ஆயிரும்." நங்கைக்கு இது வசதியாகப் போயிற்று. தண்ணியடுப்புத் தணலில் ஒளிந்து சுட வேண்டியதில்லை. அம்மா பார்க்கவே சட்டியை வைத்து, மஞ்சள் போட்டு வேகவைத்தாள். முக்கால் பங்கு தனக்கு, கால் பங்கு நாய்க்கு என்றானது. அதற்குள் ஏழு மாதம். குழந்தை நன்றாக அசைந்தது. ரத்தம் ஒன்பதுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னும் ஒன்று ஏறினால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

வெறும் மஞ்சளில் வெந்த ஈரலைத் தினமும் தின்று பார்த்தால்தான் தெரியும். நங்கை ஒருநாள் கொஞ்சம் உப்புப் போட்டாள். அப்புறம் மிளகு. அப்புறம் சின்ன வெங்காயத்தை வதக்கி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, சட்டி முழுவதையும் வறுவலாகவே செய்துவிட்டாள். எடுத்த பிறகு மிச்சத்தை நாய்க்கு வைத்தாள். அவளுக்குச் சமையல் வரும். அது அன்றைக்குக் கெடுதலாகப் போயிற்று. நாய் எல்லாவற்றையும் நக்கித் தின்றது, கறிவேப்பிலையைத் தவிர. தட்டின் ஓரத்தில் இலைகள் பச்சையாக ஒட்டிக் கிடந்தன.

அம்மா குனிந்து ஓர் இலையை எடுத்தாள்.

"நாய்க்கு எதுக்குடி கருவேப்பல?"

"வாடை போறதுக்குங்கத்தே."

"ஓ. நாய்க்கு ஈரல் வாடை ஆவாதாக்கும்."

அம்மா இலையைச் சுண்டி எறிந்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள். அன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஈரல் வேகும் நேரத்தில் மட்டும் அம்மா அடுப்படிக்குள் வருவதை நிறுத்திக்கொண்டாள். நங்கையிடம் பேசும்போது புதிதாக ஒரு வார்த்தை சேர்ந்தது. "எந்திரிச்சு அந்தச் சாணிய வாரு, உனக்கென்ன, தெம்பாத்தான இருக்கற" என்பாள். எட்டாம் மாதம் தொடங்கிய வயிற்றோடு அவள் எழுந்து வாருவாள்.

இருட்டினால் நாயை அவிழ்த்துவிடுவார்கள், பண்ணைக் காவலுக்கு. ஒரு விடியலில் கொட்டகையிலிருந்து ஆள் ஓடிவந்தான். கம்பி வலையின் அடியைப் பறித்து நாய் உள்ளே போயிருந்தது. அது கடித்தவை குறைவு. கடித்ததையும் முழுக்கத் தின்றிருந்தது, இறகைக்கூட விடவில்லை. மிச்சக் கோழிகள் பயந்து ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் அகப்பட்டவை மூச்சு முட்டிச் செத்திருந்தன. அவற்றைச் சுவரோரம் வரிசையாக அடுக்கினார்கள். நாய் வலைக்குப் பக்கத்திலேயே வயிறு உப்பிப் படுத்திருந்தது. அண்ணனைப் பார்த்து வாலை ஆட்டியது.

சேதி கேட்டு ரிக் லாரிக்காரர் வந்தார். "உசுருள்ள கோழி ருசி கண்டுருச்சுப்பா. இனி அது காவக்காரன் இல்ல, கூட்டாளி" என்றார். சுடச்சுட வெந்த முட்டையை வாயில் திணித்து, தாடையை அழுத்திப் பிடித்தால் ஜென்மத்துக்கும் கோழியைத் தொடாது என்று ஒரு வழி சொன்னார். அண்ணன் முகத்தைச் சுளித்தார். அது ஆகாதென்றால் முடித்துவிட வேண்டியதுதான் என்றார் அவர். பண்ணை வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஒருமுறை உள்ளே போன நாயை யாரும் மறுபடி அவிழ்த்துவிடுவதில்லை.

"அடிச்சுக் கொல்ல எனக்குக் கை வராது" என்றார் அண்ணன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நங்கையிடம் ஈரலை அதிகமாகக் கொடுத்து, "இன்னிக்கு நல்லா வறுத்து வெய்யி" என்றார். பிறகு நாயைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியும். எப்படிச் செய்யப் போகிறார் என்று தெரியாது. நங்கைக்கு இரண்டுமே தெரியாது. நாயை வேறு யாருக்கோ கொடுத்தனுப்பப் போவதாக அவள் நினைத்திருந்தாள். ஈரலை வறுத்து இறக்கிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். அந்த நேரத்தில் அண்ணன் ஈரக் கையோடு அடுப்படிக்குள் வந்து, முன்பு வாழைக்குப் போட்டு மிஞ்சிய குருணைப் பூச்சிமருந்தைச் சட்டியில் கொட்டிக் கிளறிவிட்டு மறுபடி கிணற்றடிக்குப் போனார். மிளகோடு மிளகாக அது மறைந்துவிட்டது. மாட்டுத் தொட்டியருகில் நின்ற அம்மா மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நான் முன்வாசலில் தலை உலர்த்திக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் குரல் கேட்டுத்தான் உள்ளே போனேன். சத்தம் போட்ட குரல் இல்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

"அதுல வாய் வெக்காத. உன்ற புருசன் மருந்து கலந்திருக்கறான்."

நங்கையின் விரலிடுக்கில் ஒரு துண்டு ஈரல் இருந்தது. சூடு ஆற ஊதிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைக் கீழே போட்டாள். உடனே கையைப் புடவையில் துடைத்தாள், பிறகு துடைத்த இடத்தைப் பார்த்தாள். அண்ணன் பின்வாசலில் நின்றார். கையில் நாய்ச் சங்கிலி.

"இவ எதுக்கும்மா அதுல வாய் வெக்கறா?"

நங்கை கீழே கிடந்த துண்டைக் காலால் அடுப்போரம் தள்ளினாள்.

"உப்புப் பாக்கறா" என்றாள் அம்மா.

"நாய்க்கு எதுக்கு உப்பு?"

அண்ணன் சட்டியைப் பார்த்தார். வெங்காயத்தைப் பார்த்தார். மனைவியின் முழங்கையைப் பார்த்தார், அது சதை பிடித்திருந்தது. திரும்பித் தன் பக்கத்தில் சோப்பு வாசனையோடு நின்ற நாயைப் பார்த்தார். நனைந்த வெள்ளைத் தோலுக்குள் ஒவ்வொரு எலும்பும் எண்ணிவிடலாம்போலத் தெரிந்தது.

"அப்ப அது ருசிக்குப் போகல" என்றார் மெதுவாக. "பசிக்குப் போயிருக்குது."

இனி நாயைக் கொல்ல மாட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குக் காரணம், அண்ணன் நாயிடம் எப்படி இருப்பார் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்திருந்ததுதான். அவர் தட்டை எடுத்து, சட்டியிலிருந்ததை முழுவதும் அதில் கவிழ்த்தார்.

"உள்ள போன நாய நாளைக்கு ஊர்ல எவனும் உசுரோட உட மாட்டான். ஆனா இந்தத் தட்ட நான் வெக்க மாட்டேன்" என்றார். "தெனமும் வெச்சவ நீதான. நீயே கொண்டுபோயி வெய்யி."

நங்கை என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "வெய்யி போ. வெச்சுட்டுக் கையக் கழுவு, சோப்புப் போட்டு" என்றாள். அவள் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்வாசல் இறங்கினாள். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. தின்று முடித்த பிறகு தட்டைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் அன்றைக்குக் கேட்கவில்லை. நாய் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதை எழுத எனக்கு விருப்பமில்லை. நங்கை கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தட்டு நெறைய ஈரல் இருந்துச்சுங்களே" என்றாள், "அது நம்பாம என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னுச்சுங் அம்முணி. தின்னுன்னு நான் சொன்ன பொறவுதான் தின்னுது."

அதன்பிறகு அண்ணன் அவளோடு பேசவில்லை. தேவையானதை எனக்கோ அம்மாவுக்கோ சொல்வார், அவள் அங்கேயே நிற்பாள். வீட்டில் நாய் இல்லாததால் ஈரலும் வரவில்லை. கழித்த கோழிகளை உயிரோடு கறிக்கடைக்கு அனுப்பினார்கள். கீறிய முட்டைகள் பேக்கரிக்குப் போயின. எட்டாம் மாதம் முடியும்போது விரலில் குத்தினேன். ரத்தம் மறுபடி எட்டுக்கு வந்திருந்தது. அம்மாவிடமே போய் நின்றேன்.

"எறங்குதும்மா. இப்படியே போனாப் பிரசவத்துல தாங்காது. உங்களுக்கு எல்லாந் தெரியும். நேர்ந்ததை எடுத்துருங்க."

"நேர்ந்ததை எடுக்கறதுக்கு அதென்ன ரேசன் கார்டா?" என்றாள் அம்மா. "பேரை நீக்கறதுக்கும் சேக்கறதுக்கும்."

மறுநாள் வெண்ணந்தூர் போய், தறிக்காரர்கள் தெருவிலிருந்து ஒரு நாய்க்குட்டியைக் கூடையில் வைத்து மூடிக்கொண்டு வந்தாள். தெருநாய்க் குட்டி. செம்மண் நிறம், கண்ணில் பூளை. அண்ணன் பார்த்துவிட்டு, "எனக்கு வேண்டாம்" என்றார்.

"உனக்கு ஆரு குடுத்தா? இது ஊட்டுக்கு" என்றாள். நங்கை பக்கம் திரும்பினாள். "குட்டிக்கு ஈரல் வேகவெக்கோணும். கோழி ஈரல் சூடு. வெள்ளாட்டு ஈரல் வாங்கியாரச் சொல்லியிருக்கறன்."

"இத்தினியூண்டு குட்டிக்கு வெள்ளாட்டு ஈரலா?" என்றார் அண்ணன்.

"வளர்ற புள்ள" என்றாள் அம்மா.

அவள் அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதல்நாள் நங்கை சட்டியிலிருந்து தனக்கு எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். ஈரல் முதலில் நாய்த் தட்டில் விழ வேண்டும். சாமிக்குப் படைத்தால் அது சாமி சோறு, நாய்க்குப் படைத்தால் நாய் சோறு. "நாய்க்கு வெச்சது நாய்க்கு வெச்சதுதான். அதுக்கப்பறம் ஆரு தின்னாலும் நேர்ந்ததுல வராது" என்றாள். செத்துப்போன நாயின் தட்டுதான் இருந்தது. நன்றாகப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். அந்த மட்டில் அம்மா சுத்தக்காரி. நங்கை அந்தத் தட்டில் ஈரலை வைத்து, குட்டிக்கு எட்டாத தூரத்தில் தரையில் வைத்து, அம்மா தலையசைத்ததும் எடுத்துக்கொண்டு போய்த் தின்றாள். குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும். அதற்கு நீர்த்த ராகிக் கஞ்சி. அதன் மலத்தைக் கிளறிப் பார்க்க இப்போது யாரும் குச்சி எடுக்கவில்லை.

நங்கை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். அப்புறம் கறிவேப்பிலை போட ஆரம்பித்தாள்.

கடைசியாக எடுத்தபோது ரத்தம் பத்தைத் தொட்டது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. ரத்தம் நிறையத்தான் போனது, மருத்துவர் பயந்துபோன அளவுக்கு. ஆனால் தாங்கினாள். "சொன்னபடி ஈரல் சாப்பிட்டாளா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். "நல்ல மாமியார்" என்றார் அவர்.

திருச்செங்கோட்டு மலையில் முடி இறக்கிவிட்டு வந்த மறுநாள் வீட்டில் கறி விருந்து வைத்தார்கள். நங்கை கவுச்சி தொடும் நாள் என்று சொந்தக்காரப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஆண்கள் பந்தி முடிந்து பெண்கள் உட்கார்ந்ததும் அம்மா தன் கையாலேயே நங்கையின் இலையில் ஈரல் வறுவலை வைத்தாள். "எத்தன மாசமாச்சு பாவம், வாயில வெச்சு" என்றாள் எல்லோருக்கும் கேட்க. நங்கை அதை இலையின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"வேண்டாமுங்கத்தே. வாடை ஆவறதில்லீங்க."

"பாத்தீங்களா, சாமி அந்த ஆசையவே எடுத்துப்போட்டுது" என்றாள் அம்மா. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா வாசலில் கட்டியிருந்த குட்டியைக் காட்டி, "ஏனுங்க, இதுக்குத் தெனமும் வெள்ளாட்டு ஈரல் போடறீங்கன்னாங்க. எங்கீங்க போவுது தின்னதெல்லாம்?" என்று கேட்டாள். நங்கை எழுந்து தன் இலையிலிருந்ததை அதன்முன் கொட்டினாள். அது மெல்லாமல் விழுங்கியது, பிறகு ஈரல் கிடந்த மண்ணையும் நக்கியது.

அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சொன்னாள். "மொதல்ல பொட்டப்புள்ள. அடுத்தது ஆம்பளப் புள்ளயாப் பொறக்கோணுமுன்னு நேத்தே மலையில நேர்ந்துட்டு வந்துட்டன். நாளையிலிருந்து இவளுக்குக் கவுச்சி இல்ல."

எல்லோரும் நங்கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பந்தி இலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"சரிங்கத்தே. நாயி பெருசாயிருச்சுங்க. இனி ஈரல் சேத்து வாங்கோணும்."